உதைத்த காலும் ஒற்றிய கையும்

இருட்டறை. முன்னால் பெரிய திரை. நாங்கள் பன்னிரண்டு பேர் கதிரைகளில் வரிசையாக இருக்கிறோம். திரையில், வாளைப் பறிகொடுத்த ஒரு வீராங்கனை தன்மேல் பாய்ந்து வரும் தடியனை நெஞ்சில் உதைக்கிறாள். தடியன் விழுகிறான். அதுவரைக்கும் எல்லாம் சரி.

அடுத்து அவள் குனிகிறாள். விழுந்து கிடப்பவனின் தோளை வலது கை விரல்களால் தொடுகிறாள். அதே விரல்களைத் தன் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொள்கிறாள். பிறகு ஓடிப்போய் வாளை எடுக்கிறாள்.

முன்வரிசையில் இருந்த இயக்குநர் தொகாவா படத்தை நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். மறுபடி ஓட விட்டார். உதை, குனிவு, தொடுகை, கண். மறுபடியும் பின்னால். ஐந்து தரம் ஓட விட்டார்.

"இது யாருடையது?" என்று கேட்டார்.

என்னுடையது. அந்த ஆறு செக்கனையும் பதினேழு நாள் குந்தியிருந்து வரைந்தவள் நான்தான். என் வீராங்கனை உதைத்துவிட்டுக் கண்ணில் ஒற்றுகிறாள் என்பது வரைந்த எனக்கே அந்த நிமிடம்வரை தெரியாது.

முயல்களின் பதினொரு வருடம்

இந்தக் கட்டுரைத் தொடரை ஆரம்பத்திலிருந்து வாசிப்பவர்களுக்கு என் முயல்களைத் தெரியும். போன வாரம்கூட ஒரு வாசகி, "முயல் கதை போதும், வேறு ஏதாவது சொல்லுங்கோ" என்று எழுதியிருந்தார். அவரிடம் இன்னும் ஒரு பந்திக்குப் பொறுமை கேட்கிறேன்.

நான் கார்ட்டூன் வரைந்து சம்பளம் வாங்குபவள். ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் மெத்தை தைத்த தொழிற்சாலைக் கட்டடத்தில், எங்கள் ஸ்ரூடியோ இருக்கிறது. அங்கே பதினொரு வருடம் ஒரே தொடருக்கு வரைந்தேன். மூன்று வயதுக் குழந்தைகளுக்கான தொடர். இரண்டு முயல்கள், ஒரு கரடி. ஒருவரை ஒருவர் கண்டால் கட்டிப்பிடிப்பார்கள். பிரியும்போது கட்டிப்பிடிப்பார்கள். கரட் கிடைத்தால் சந்தோசத்தில் கட்டிப்பிடிப்பார்கள், கிடைக்காவிட்டால் ஆறுதலுக்குக் கட்டிப்பிடிப்பார்கள்.

"வதனி, உன்னுடையது மென்மையான கை" என்று தயாரிப்பாளர் வருடத்துக்கு ஒருமுறை புகழ்வார். சண்டைக் காட்சி உள்ள வேலை ஏதாவது வந்தால், அதே மனிதர் என் மேசையைத் தாண்டி அடுத்த மேசைக்குப் போய்விடுவார். பாராட்டை வைத்தே ஒரு ஆளை மூலையில் இருத்தலாம் என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

எனக்கோ பதின்மூன்று வயதிலிருந்து அடிபிடியில்தான் ஆசை. ஸ்காபரோவில் பதினான்காம் மாடி அப்பார்ட்மென்ட் ஒன்றில் சனிக்கிழமைக் காலைகளில் ஜப்பான் சண்டைக் கார்ட்டூன்களைப் பார்த்துவிட்டு, கடைகளின் விளம்பரத் தாள்களின் பின்பக்கமெல்லாம் ஆட்களைப் பறக்கவிட்டுக் கீறித் தள்ளுவேன். அம்மா அந்தத் தாள்களை விரித்து அதன்மேல் மீன் வெட்டுவார். எத்தனையோ வீரர்கள் செதிளோடு குப்பைக்குப் போனார்கள்.

முயல் தொடர் ஒருநாள் நின்றது. அந்த நேரம் பார்த்து எங்கள் ஸ்ரூடியோ தோக்கியோ நிறுவனமொன்றுடன் சேர்ந்து ஒரு வாள்சண்டைத் தொடரை எடுத்துக்கொண்டது. இயக்குநர் தொகாவா அந்தப் பனிக்காலம் முழுவதும் இங்கே வந்து இருப்பார் என்றார்கள். சண்டைக் காட்சிகளுக்கு மூன்று பேர் வேண்டும். பன்னிரண்டு பேர் பரீட்சைக்கு ஆளுக்கு ஆறு செக்கன் வரைந்து காட்ட வேண்டும். மிச்சம் ஒன்பது பேருக்கும் வேறு வேலை இல்லை, வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

எனக்கு வயது நாற்பத்தொன்று. பத்து விரலும் முயல் மணக்கிற ஒருத்திக்கு வேறு ஸ்ரூடியோவில் சண்டை வரையத் தரப்போகிறார்களா? அந்த மூன்று கதிரைகளில் ஒன்று கிடைக்காவிட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கழுத்தில் தொங்கிய கடிகாரம்

தொகாவா அறுபதைத் தாண்டியவர். ஒல்லி. கழுத்தில் எந்நேரமும் ஒரு ஸ்டொப்வொட்ச் தொங்கும். சாப்பிடும்போது அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார், கழற்ற மாட்டார். அவருடைய மொழிபெயர்ப்பாளர் எமி, வன்கூவரில் பிறந்த ஜப்பானியப் பெண். தொகாவா பேசியது ஜப்பானியம், எமி சொன்னது ஆங்கிலம், என் தலைக்குள் விழுந்தது யாழ்ப்பாணத் தமிழ். இங்கே நான் எழுதுவது அந்த மூன்றிலும் தப்பிப் பிழைத்தது.

எங்கள் தொழிலில் அவர் பெரிய ஆள். அவருடைய சண்டைகளை ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் நாங்கள் பாதிப்பேர் படித்தோம். அவர் காட்சிகளைத் திட்டமிட்டுக் கீறும் தாள்களை முதன்முதலில் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடம்புகள் எல்லாம் தீக்குச்சிகள். முகம் வெறும் வட்டம். ஆனால் சப்பாத்துகளுக்கு மட்டும் லேஸ்வரை கீறியிருந்தார்.

"முகம் பொய் சொல்லும். பாதம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் ஆள் நிற்கிறான்" என்றார்.

மதியச் சாப்பாட்டு மேசையில் தன் கதையைத் தவணை முறையில் சொல்லுவார். பத்தொன்பது வயதில் தொடங்கியவர். முதல் இரண்டு வருடமும் மற்றவர்கள் வரைந்த இரண்டு படங்களுக்கு இடையில் வரவேண்டிய படங்களைத்தான் வரைந்தாராம். கை மேலே இருக்கும் படமும் கீழே இருக்கும் படமும் இன்னொருவருடையவை, நடுவில் உள்ள கைகள் மட்டும் இவருடையவை. பிறகு சண்டை வரையக் கொடுத்தார்கள். பிறகு சண்டைக் காட்சிகளுக்குப் பொறுப்பாளர். பிறகு இயக்குநர். நேர்கோடாக ஏறிக்கொண்டு போன மனிதர், தலை கொஞ்சம் வீங்கிய ஒரு பருவத்தில், தொடக்கத்திலிருந்து முடிவுவரை சண்டை மட்டுமே உள்ள ஒரு முழுநீளப் படம் எடுத்தார்.

படம் வெளிவந்த முதல் நாள் யாருக்கும் சொல்லாமல் தியேட்டருக்குப் போயிருக்கிறார். பக்கத்துக் கதிரையில் இருந்தவர் பத்தொன்பதாவது நிமிடம் நித்திரை. முன்னால் இருந்தவர் இருபத்துநான்காவது நிமிடம். முன்வரிசையில் ஒரு தாத்தா குறட்டை. எல்லாவற்றையும் ஸ்டொப்வொட்ச்சில் பிடித்து நேரம் எழுதி வைத்திருக்கிறார்.

"சண்டை நடக்கும்போதே நித்திரையா?" என்று கேட்டேன்.

"சண்டை நடந்ததால்தான் நித்திரை" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒருவரும் கூப்பிடவில்லை. சவர்க்காரத் தூள் விளம்பரத்துக்கு ஒரு தவளையை வரைந்து பிழைத்திருக்கிறார். அந்தத் தவளை பாய்வதற்கு முன்னால் சும்மா இருக்கும். அது சும்மா இருக்கும்போதுதான் பிள்ளைகள் தொலைக்காட்சிக்குக் கிட்டே வந்து நின்று பார்ப்பார்களாம். அவருடைய பிந்திய புகழ் முழுவதும் அந்தத் தவளையிடமிருந்து வந்தது. அடிக்குக் கால் செக்கன், அதற்கு முன்னால் காத்திருப்புக்கு மூன்று செக்கன். ஆட்கள் அந்த மூன்று செக்கனைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று சொல்லுவார்.

ரொறன்ரோவில் அவருக்கு மிகவும் பிடித்த இடம் எது தெரியுமா? கோபுரம் இல்லை, ஏரிக்கரை இல்லை. ஸ்ரூடியோவுக்கு முன்னால் உள்ள பஸ் தரிப்பிடம். விழுந்ததும் பனிக்கட்டியாகும் உறைமழை பெய்த மறுநாள் அங்கே போய்க் குந்திவிடுவார். வழுக்கி விழுகிற ஆட்கள் எழும்பி, தாங்கள் விழவேயில்லை என்பதுபோல நடக்கத் தொடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளப்பார். ஒரு முறை ஒரு பெண்மணி விழுந்து எழும்பி, இவருடைய கடிகாரத்தைக் கண்டு நகரசபை ஆள் என்று நினைத்து, நடைபாதைக்கு ஏன் உப்புப் போடவில்லை என்று பதினைந்து நிமிடம் திட்டியிருக்கிறார். தொகாவா அதையும் அளந்தார்.

பரீட்சைக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. உதைக்காத உதையை வரையக் கூடாது. ஒவ்வொருவரும் தங்கள் ஆறு செக்கனைத் தாங்களே நடித்து, வீடியோ எடுத்து, அதைப் பார்த்து வரையவேண்டும்.

மாமியின் கமரா

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் கணவர் ரமணன், அவருடைய அம்மா, அதாவது என் மாமி. ரமணன் நகரப் பேருந்து ஓட்டுகிறார். நாள் முழுக்கச் சனங்களின் முறைப்பாட்டைக் கேட்டுவிட்டு வருகிற மனிதரிடம், "உங்களை ஒருக்கா உதைக்கவேணும்" என்று எப்படிக் கேட்பது? நான் நேராகவே கேட்டேன்.

"எத்தினை தரம்?" என்றார்.

"ஒருக்காத்தான். படாது. நெஞ்சுக்கு முன்னால கொண்டந்து நிப்பாட்டுவன்."

சோபாவைச் சுவரோடு தள்ளினோம். வாளுக்குப் பதிலாகத் தூசி உறிஞ்சும் மெஷினின் குழாயைக் கழற்றி மூலையில் போட்டேன். போனைப் பிடித்துப் படம் எடுக்க ஒரு ஆள் வேண்டும். மாமி ஏற்கெனவே தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையில் வசதியாக இருந்தார்.

"எங்கை அமத்துறது?" என்று கேட்டார்.

"அந்தச் சிவப்பு வட்டத்தை அமத்துங்கோ மாமி. பிறகு அசையக் கூடாது."

"நான் ஏன் அசையிறன். நீங்கள்தானே அடிபடப் போறியள்."

ரமணன் குசினி வாசலிலிருந்து ஓடி வந்தார். மனிதருக்கு நடிப்பு வராது என்று நினைத்திருந்தேன், பிழை. பேருந்தில் இத்தனை வருடம் அடக்கி வைத்த கோபம் எல்லாம் முகத்தில் ஏறியிருந்தது. நான் பயந்துபோய், நிறுத்தவேண்டிய காலை நிறுத்த மறந்துவிட்டேன். பாதம் முழுதாக நெஞ்சில் பட்டது. "அம்மா!" என்று கத்திக்கொண்டு சோபாவில் விழுந்தார்.

அவருடைய அம்மா கமராவை அசைக்கவில்லை. "குழாயை எடும் பிள்ளை, படம் ஓடுது" என்றார்.

நான் ஓடிப்போய்க் குழாயை எடுத்தேன். இடையில் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு நினைவில்லை. நினைவில் நிற்கக்கூடிய காரியமும் இல்லை அது. கால் ஒருவரில் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுவது, கண் சிமிட்டுவதுபோலத் தானாக நடக்கிறது. பேருந்து நெரிசலில் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரனின் முழங்காலைத் தொட்டு ஒற்றியிருக்கிறேன். அந்த மனிதர் அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிவிட்டார்.

அதன் பிறகு பதினேழு நாள் வரைந்தேன். ஒரு செக்கனுக்கு இருபத்துநான்கு படம். முதலில் எல்லாப் படங்களுக்கும் பாதம், பிறகு இடுப்பு, பிறகு கை. தொகாவாவின் முறை. வீடியோவில் கை எங்கே இருந்ததோ அங்கே கை. இப்படித் துண்டு துண்டாக வரையும்போது முழுச் செயலும் கண்ணில் படாது. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் ஏழரைச் செக்கன் வந்தது. எங்கே நேரம் போகிறது என்று மண்டையைப் போட்டு உடைத்தேன். கடைசியில் தடியன் விழுவதைக் குறுக்கினேன், வாளுக்கு ஓடும் ஓட்டத்தைக் குறுக்கினேன். ஆறு செக்கனுக்குள் கொண்டுவந்து விட்டேன்.

முடிந்ததும் வீட்டில் இருவருக்கும் போட்டுக் காட்டினேன். பழகிய கண்ணுக்கு எனக்கும் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ரமணன் இரண்டு தரம் பார்த்தார். தடியனுக்குத் தன்னைவிட வயிறு பெரிதாக இருக்கிறது என்பதுதான் அவருக்கிருந்த ஒரே குறை. மாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்ல வடிவா வந்திருக்கு. ஒரு பிழையும் இல்லை" என்றார்.

உங்கள் ஊரில் இப்படியா?

இப்போது மறுபடி அந்த இருட்டறைக்கு வருகிறேன்.

நான் கையை உயர்த்தினேன். எல்லாத் தலைகளும் திரும்பின. எனக்கு முன்னால் டைலர் இருந்தான். கராத்தேயில் கறுப்புப் பட்டி வாங்கியவன். அவனுடைய ஆறு செக்கனைப் பார்த்து அறையே கைதட்டி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. குதிக்கால் எதிரியின் முகத்துக்கு ஒரு மயிரிழை தூரத்தில் மின்னிக்கொண்டு போனது.

"அவள் ஏன் இதைச் செய்கிறாள்?" என்று தொகாவா கேட்டதாக எமி சொன்னாள்.

"அவள் செய்யவில்லை. நான் செய்தேன்" என்றேன்.

பிறகு விளக்கினேன். எங்கள் ஆட்களில் கால் ஒருவரில் பட்டால் அது அவமரியாதை. தெரியாமல் பட்டாலும் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றவேண்டும். ஆளில் மட்டுமில்லை, புத்தகத்தில் பட்டாலும்தான். எமி மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, பின்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். பிறகு அறை முழுக்கச் சிரிப்பு. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. மூன்று கதிரைகளும் என்னை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தொகாவா சிரிக்கவில்லை.

"புத்தகத்துக்கும் மன்னிப்புக் கேட்பீர்களா?"

"ஓம்."

"இந்த வீராங்கனை வடக்கு மலைகளில் ஓநாயோடு வளர்ந்தவள். அவளிடம் புத்தகமே இல்லை."

"ஓம். தெரியும்."

"மன்னிப்புக்கு மட்டும் முப்பத்தாறு படம். மிகவும் கவனமாக வரைந்திருக்கிறீர்கள்." பிறகு ஒரு கேள்வி கேட்டார். "கால் உண்மையாகவே பட்டதா?"

"பட்டது. என் கணவரின் நெஞ்சில்."

தலையை ஆட்டினார். எதையோ எழுதினார். முடிவை வெள்ளிக்கிழமை சொல்வதாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளின் படத்தைப் போட்டார்.

வீட்டு விசாரணை

அன்றைக்குச் சுரங்க ரயிலிலும் பஸ்ஸிலும் ஸ்காபரோவரை அழுதுகொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அழுகை கோபமாக மாறியது.

"நீங்கள் ரெண்டு பேரும் பாத்தனீங்கள்தானே! ஒருத்தருக்கும் கண் தெரியேல்லையோ?"

நடந்ததைச் சொன்னேன். ரமணன் போனை எடுத்து வீடியோவைப் போட்டுப் பார்த்தார். "அட, ஓம்! தொட்டுக் கும்பிடுறீர்" என்று வாயைப் பிளந்தார்.

"அதிலை என்ன பிழை?" மாமிக்கு விளங்கவில்லை. "கால் பட்டது. தொட்டுக் கும்பிட்டா. செய்யாமல் விட்டிருந்தால்தானே பிழை."

"மாமி, அவள் சண்டைக்காரி!"

"சண்டைக்காரி எண்டால் மரியாதை இல்லையோ?"

குசினிக்குள் போய், தேவையில்லாமல் ஒரு கிலோ வெங்காயத்தை வெட்டினேன். ரமணன் பின்னால் வந்து நின்றார். நெஞ்சைத் தடவிக்கொண்டு, "எனக்கு நொந்தது வீணாப் போகக் கூடாது" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு மறுபடி அழுகை வந்தது. அவ்வளவு தூரம் நான் இந்த வேலையை விரும்பியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் அவருக்கும் தெரிந்தது.

சம்மதப் படிவம்

வெள்ளிக்கிழமை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். டைலர் போனான், தொங்கிய முகத்தோடு திரும்பினான். அதைக் கண்டதும் எனக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விட்டது. டைலருக்கே இல்லையென்றால் எனக்கு என்ன இருக்கப்போகிறது?

என்னைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். தரையில் தடித்த பாய்கள் விரித்து, நாங்கள் நடித்துப் பார்ப்பதற்காக ஒதுக்கிய அறை. தொகாவா சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாயின் நடுவில் நின்றார். நெஞ்சில் ஒரு பெரிய பஞ்சுக் கவசம் கட்டியிருந்தது. அதன்மேல் ஸ்டொப்வொட்ச்.

"நாற்பது வருடமாக உதை வரைகிறேன்" என்றார். "எந்தக் கால் போய்ச் சேர்ந்தது, எந்தக் கால் ஒரு அங்குலம் முன்னால் நின்றது என்று எனக்குத் தெரியும். டைலரின் கால் சேரவில்லை. படாமல் உதைப்பதற்குத்தான் அவன் பயிற்சி எடுத்திருக்கிறான். உங்கள் படத்தில் கால் சேர்ந்திருக்கிறது. சேராவிட்டால் எதற்கு மன்னிப்பு?"

அவர் கவசத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"ஆனால் நீங்கள் உதைத்தது கணவரை. கணவரை யார் வேண்டுமானாலும் உதைப்பார்கள். அது தற்செயலா, உங்களால் முடிந்ததா என்று எனக்குத் தெரியவேண்டும். என்னை உதையுங்கள். சேர்ந்தால் திங்கட்கிழமை வேலை தொடங்கலாம்."

எமி ஒரு படிவத்தை நீட்டினாள். உதை வாங்குபவர் தன் முழுச் சம்மதத்துடன் வாங்குகிறார் என்று எழுதி, அலுவலகத்தில் எல்லோரும் பார்த்து ஒப்பமிட்ட படிவம். தொகாவாவின் கையெழுத்து ஏற்கெனவே அதில் இருந்தது. கனடாவில் படிவம் இல்லாமல் ஒரு உதைகூட வாங்க முடியாது.

நான் கையெழுத்துப் போட்டேன். பனிச் சப்பாத்தைக் கழற்றினேன். பாயில் ஏறி நின்றேன். கால் எழும்பவில்லை. எப்படி எழும்பும்? எனக்குத் தகப்பன் வயது. எந்த மனிதரின் படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தொழில் படித்தேனோ அதே மனிதர். கோயிலில் கண்டால் வழிவிட்டு நிற்கவேண்டியவரை உதைக்கச் சொல்கிறார்கள்.

"அவர் காத்திருக்கிறார்" என்றாள் எமி.

உதைத்தேன். கவசத்தில் மெதுவாகப் பட்டது. பட்ட கையோடு குனிந்து அவருடைய முழங்கையைத் தொட்டு, கண்ணில் ஒற்றி முடித்துவிட்டேன். நிமிர்ந்தபோது அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதைக்குக் கால் செக்கன். மன்னிப்புக்கு ஒன்றரைச் செக்கன்" என்றார். "அந்த நேரத்துக்குள் எனக்கு இன்னும் ஆறு உதை வேண்டும். மறுபடி."

மறுபடி நின்றேன். அவரும் நின்றார். ஒருவரும் அசையவில்லை. அந்தக் காத்திருப்புக்குள் எனக்கு என்னென்னவோ வந்து போனது. மென்மையான கை என்ற பாராட்டு வந்தது. என் மேசையைத் தாண்டிப் போன தயாரிப்பாளரின் முதுகு வந்தது. பதினொரு வருடமாகச் சிரித்துச் சிரித்து நன்றி சொன்ன என்மேல் எனக்கே கோபம் வந்தது. எவ்வளவு கோபம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கால் தானாக எழும்பியது.

தொகாவா இரண்டு அடி பின்னால் போய்ப் பாயில் தொப்பென்று இருந்தார். எமி வீறிட்டாள். அவர் ஒரு கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்தார். அமத்த மறந்திருந்தார். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்ததை நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

"திங்கட்கிழமை எட்டரைக்கு" என்றார். "அந்த முப்பத்தாறு படத்தையும் எடுத்துவிட்டு, அந்தத் தடியனை ஒழுங்காக விழ விடுங்கள்."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன் போலும். பக்கத்தில் இருந்த ஆட்கள் எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தார்கள். கதவைத் திறந்ததும், "கிடைச்சிட்டுது!" என்று கத்தினேன். ரமணன் சோபாவில் இருந்து துள்ளி எழும்பினார். மாமி கதை முழுவதையும் முதலிலிருந்து கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவருடைய முகம் மாறிக்கொண்டு வந்தது.

"அறுபது வயசு மனிசனையோ உதைச்சனீர்?"

"அவர்தான் உதைக்கச் சொன்னவர் மாமி. படிவம்கூட இருக்கு."

"படிவம் கிடக்கட்டும். தொட்டுக் கும்பிட்டனீரோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனதுக்குள் அந்த அறைக்குப் போய், காட்சியைப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். உதை. அவர் விழுகிறார். எமி வீறிடுகிறாள். என் இரண்டு கைகளும் இடுப்பில் இருக்கின்றன.

"முதல் உதைக்கு ஓம்" என்றேன். "ரெண்டாவதுக்கு இல்லை மாமி. நினைவே வரேல்லை."

திட்டு விழும் என்று காத்துக்கொண்டு நின்றேன். மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அப்ப உமக்கு உந்த வேலை சரிவரும்" என்றார். பிறகு மகனின் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ கொஞ்சம் தள்ளி இரு."